நெத்தி லைட்டும் நாற்பது பக்க நோட்டும்

விடியுமுன்னே தோட்டத்தில் பூப் பறிக்க, என் மகளுக்கு ஒன்பது வயதில் நெத்தி லைட் வாங்கிக் கொடுத்தது நான்தான். சந்தையில் 120 ரூபாய். பட்டை பெரியவர்கள் தலைக்கானது. அவளுக்குத் தொளதொளவென்று இருந்ததால் பின்பக்கம் மடித்து ஊக்குக் குத்தினேன். போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் எழுதப்போவதெல்லாம் யாரோ வெளியாள் வந்து எங்கள் வீட்டில் செய்துவிட்டுப் போன காரியம் மாதிரி ஆகிவிடும்.

நிலக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு 60 சென்ட் மல்லி. 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தக் கணக்கில் எங்கள் பூவும் சேர்த்திதான். மல்லியை மொக்காக இருக்கும்போதே பறிக்க வேண்டும். இன்றைக்குச் சாயங்காலம் விரியப்போகிற மொக்கை இன்றைக்கு விடியக்காலையிலேயே பறித்தாக வேண்டும். நாலரை, ஐந்துக்குத் தோட்டத்தில் இறங்கினால்தான் ஏழரைக்குக் கூடை வண்டி ஏறும். பிந்திப் போகிற பூவுக்குக் கமிஷன் கடையில் விலை சொல்லவே முகம் சுளிப்பார்கள். அதனால் ஊரில் பூ வைத்திருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரே நேரத்தில் ஆள் வேண்டும். கூலிக்கு வருகிறவர்கள் எத்தனை தோட்டத்துக்குத்தான் போவார்கள்? மீதியை வீட்டுப் பிள்ளைகள்தான் பறித்தார்கள்.

நான், என் வீட்டுக்காரர், மாமியார், பெரியவன், சின்னவள், கூலிக்கு இரண்டு பேர். சீசனில் நாளைக்கு 16 கிலோ வரும். அதில் 4 கிலோ பிள்ளைகள் பறித்தது. இந்த 4 கிலோ கணக்கு எனக்கு அப்போது தெரியாது. பிள்ளைகள் பறிக்கிற நேரத்தை எழுத நோட்டுப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

மாசி முடிந்து பங்குனி, சித்திரையில் பூ கொட்டும், விலை விழும். அந்த நேரத்தில் எங்களைத் தாங்குவது சென்ட் ஆலை. பூவிலிருந்து ஹெக்சேன் என்கிற ரசாயனத்தை ஊற்றி மெழுகு மாதிரி ஒன்றைப் பிரிப்பார்கள். அதற்குப் பெயர் கான்கிரீட்டாம். முதலில் கேட்டபோது என் மாமியார், "பூவ வச்சு வீடு கட்டப் போறாகளா?" என்றார். அது வெளிநாட்டு வாசனைத் திரவியக் கம்பெனிகளுக்குப் போகிறது. 2024 மே மாதம், எகிப்தில் சின்னப் பிள்ளைகள் ராத்திரியில் மல்லிகை பறிப்பதை பிபிசி படம்பிடித்துக் காட்டியது. பேர்போன சென்ட் கம்பெனிகள் அதில் அடிபட்டன. அந்த அடி அடுத்த பங்குனியில் எங்கள் ஊரில் வந்து விழுந்தது. ஆலைக்குப் பூப் போடுகிற எங்கள் குழுவில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். 'என் தோட்டத்தில் 14 வயதுக்கு உட்பட்ட எவரும் வேலை செய்வதில்லை.' கீழே கையெழுத்து. வரிசையில் நின்று போட்டோம். நான் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். பொய்க் கையெழுத்து என்ற நினைப்பே வரவில்லை. கூலிக்கு வந்தால்தான் வேலை. நம்ம பிள்ளை நம்ம தோட்டத்தில் பறித்தால் அது ஒத்தாசை. அப்படித்தான் மனசுக்குள் கிடந்தது.

பத்து நாள் கழித்து ஆலையின் களப் பணியாளர் தம்பி வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, "அக்கா, எல்லாரும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டீங்க. காலைல ரோட்டுல பைக்ல வரும்போதே தோட்டத்துக்குள்ள லைட்டு தெரியுது. பாதி லைட்டு இடுப்பு உயரத்துலதான் நகருது" என்றார்.

நாங்கள் யாரும் பேசவில்லை. "பிள்ளைங்க எத்தனை மணிலேருந்து எத்தனை மணி வரைக்கும் பறிக்குதுன்னு ஒரு மாசம் உள்ளதை உள்ளபடி எழுதிப் பாருங்க. அதை வச்சு யார்கிட்டயும் பூ வாங்குறதை நிறுத்த மாட்டோம்" என்றார். அந்தக் கடைசி வாக்கியத்தை நாங்கள் எழுதி வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது நானில்லை, வேறொருத்தி. அதைப் பிறகு சொல்கிறேன்.

நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டு ஆரம்பித்தேன். முதல் வாரம் முழுக்கப் பித்தலாட்டம். வேண்டுமென்று செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ஏழு நாளையும் ஞாபகத்திலிருந்து எழுதினேன். திங்கள் ஒரு மணி நேரம், செவ்வாய் ஒரு மணி நேரம், புதன் ஒரு மணி நேரம். எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. தம்பி பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஏழு நாளும் அறுபதே நிமிசமாக்கா?" என்றார்.

இரண்டாவது வாரத்திலிருந்து மாற்றினோம். கதவுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து நோட்டையும் பேனாவையும் நூலில் கட்டித் தொங்கவிட்டோம். எதிரே சுவர்க் கடிகாரம். போகும்போது நேரம், வரும்போது நேரம். எழுத வேண்டியது பிள்ளைகளே, நான் இல்லை. இது ஒன்றுதான் அந்த நோட்டை உருப்படியாக்கியது. சின்னவள் ஏழாம் வகுப்பு. அவள் கையெழுத்தில் இரண்டு நாளை அப்படியே தருகிறேன்:

'திங்கள். 5.10 – 7.05. ஒரு கிலோ 300. பனி. பஸ் போயிருச்சு, அப்பா கொண்டாந்து விட்டாங்க.'

'செவ்வாய். 5.15 – 7.00. ஒரு கிலோ 100. நேத்து சாயந்தரம் மருந்தடிச்ச பக்கம். கண் எரிஞ்சது.'

இரண்டாவது வரியை வாசித்தபோதுதான் எனக்கு உறைத்தது. மொக்குப்புழுவுக்கு முந்தின நாள் சாயங்காலம் மருந்தடிக்கிறோம். மறுநாள் விடிவதற்குள் அதே செடிக்குள் கையை விட்டுப் பறிக்கிறோம். பெரியவர்களும்தான் பறிக்கிறோம், கூலிக்கு வருகிறவர்களும்தான். பல வருசமாக நடப்பது. யாரும் எழுதி வைக்காததால் யார் கண்ணும் எரியவில்லை.

அன்றைக்கு ராத்திரி என் வீட்டுக்காரர் நோட்டைப் பார்த்தார். "இதையெல்லாமா எழுதுவ? ஆலைக்காரன் பாத்தா என்ன நெனைப்பான்?" என்று அவளைச் சத்தம் போட்டார். அடுத்த நான்கு நாள் நோட்டில் குறிப்புக் கட்டத்தில் ஒரே வார்த்தை: 'ஒண்ணுமில்லை.' எரிச்சல் நின்றுவிடவில்லை, எழுதுவதுதான் நின்றது. ஐந்தாம் நாள் நான் அவரிடம் தனியாகப் பேசினேன். அவர் அவளிடம் போய், "எரிஞ்சா எரிஞ்சதுன்னே எழுது தாயி" என்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழக்கத்தில் இல்லை. அவருக்கு அதுதான் மன்னிப்பு.

மூன்றாவது வாரக் கடைசியில் கூட்டினோம். நோட்டுப் போடுவதற்கு முன்னால் தம்பி கேட்டபோது, "வாரத்துக்கு நாலஞ்சு மணி நேரம் இருக்கும்" என்று சொல்லியிருந்தேன். சின்னவளுக்கு அந்த வாரம் தோட்டத்தில் மட்டும் 15 மணி 40 நிமிடம். சாயங்காலம் பூக் கட்டியது 4 மணி 20 நிமிடம். சரியாக 20 மணி நேரம். ஆட்டுக்குத் தண்ணி காட்டியது, அரிசி களைந்து வைத்தது இதில் வராது. அதையெல்லாம் எழுதவே எங்களுக்குத் தோன்றவில்லை. பெரியவன் பத்தாம் வகுப்பு, 15 வயது. அவன் பறித்த நேரம் தங்கச்சியைவிடக் குறைவு. ஆனால் அவன் பக்கத்தில் 'மருந்து கலக்கினேன்' என்று இரண்டு இடத்தில் இருந்தது. தண்ணி மட்டும்தான் தூக்கிக் கொடுக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டில் இன்னொரு கட்டமும் போட்டிருந்தோம்: 'சொன்னது யார்.' தம்பி சொல்லித்தான் போட்டது. எனக்கு அது வீண்வேலையாகப் பட்டது. வாரம் முழுக்க அந்தக் கட்டத்தில் சின்னவள் எழுதியிருந்தது 'அப்பத்தா', 'அப்பத்தா', 'யாரும் சொல்லலை', 'யாரும் சொல்லலை'. பார் பிள்ளை தானாகத்தான் வருகிறது என்று சந்தோசப்பட்டேன். பிறகு யோசித்தால், விடிய நாலரைக்கு வீட்டில் விளக்கைப் போட்டு, சருவத்தைத் தடாபுடாவென்று உருட்டி, எல்லோரும் கிளம்பி நிற்கும்போது ஒரு பிள்ளை தனியாகப் படுத்துக் கிடக்குமா? யாரும் சொல்லாததே சொன்ன மாதிரிதான்.

அதற்கிடையில் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். டீச்சர், "முதல் பீரியட்ல கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறா" என்றார். நோட்டில் இருந்த ஐந்து மணியும் டீச்சர் சொன்ன ஒன்பதரை மணியும் ஒரே பிள்ளையுடையவை என்பது அன்றைக்குத்தான் ஒட்டியது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளலாம் என்று, ஒன்றியத்தில் நடந்த இலவச சட்ட உதவி முகாமுக்குப் போனேன். நோட்டைத் துணிப்பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு போனேன், வெளியே தெரிந்தால் பிடித்துவிடுவார்களோ என்று. அங்கே இருந்த வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார். 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு விலக்கு உண்டு, அதுவும் பள்ளி நேரம் போக, இல்லாவிட்டால் லீவில், ஆபத்தில்லாத காரியத்தில். இதுவரைக்கும் கேட்டபோது எனக்கு உயிர் வந்தது. அப்புறம் 2017-ல் வந்த விதிகளைச் சொன்னார். உதவி ஒரு நாளைக்கு 3 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சாயங்காலம் 7 மணிக்கு மேல், காலை 8 மணிக்கு முன்னால் கூடவே கூடாது. பெரியவர்கள் செய்ய வேண்டியதைப் பிள்ளை செய்வதாக இருக்கக் கூடாது. குடும்பத்துக்கு வருமானம் தருகிற உற்பத்தியிலோ விற்பனையிலோ எந்தக் கட்டத்திலும் அந்த உதவி சேரக் கூடாது.

அதாவது தலைக்கு வைக்கப் பறிக்கலாம், கோயிலுக்குப் பறிக்கலாம். கமிஷன் கடைக்குப் போகிற கூடையில் அவள் கை மொக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் நோட்டில் இருந்த ஒரு வரியும் இந்தச் சல்லடையில் தங்கவில்லை. பறித்ததெல்லாம் எட்டு மணிக்கு முன்னால், எல்லாம் விற்கிற பூ.

"எங்களைப் பிடிச்சு உள்ள போட்ருவாங்களாம்மா?" என்று கேட்டேன். பெற்றோரை முதல் தடவையே தண்டிப்பது சட்டத்தின் நோக்கமில்லை, எச்சரித்த பிறகும் பிழைப்புக்காகத் திரும்ப அனுப்பினால் 10,000 ரூபாய் வரை அபராதம் என்றார். வெளியாள் வைத்தால் கதை வேறு: ஆறு மாசத்திலிருந்து இரண்டு வருசம் வரை ஜெயில், அல்லது 20,000 முதல் 50,000 வரை அபராதம், அல்லது இரண்டும். பையிலிருந்து நோட்டை எடுத்துக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "14-லேருந்து 18 வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு இப்படிப் பதிவேடு வைக்கச் சட்டத்துலயே 11-ஆவது பிரிவு இருக்கு. பேரு, பிறந்த தேதி, எத்தனை மணிலேருந்து எத்தனை மணி, நடுவுல ஓய்வு, என்ன வேலை. கிட்டத்தட்ட அதைத்தான் நீங்க போட்டிருக்கீங்க" என்றார். அந்தச் சட்டத்தில் நிறுவனம் என்றால் கடை, ஓட்டலோடு பண்ணையும் சேர்த்திதானாம். 60 சென்டை யாராவது நிறுவனம் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னொன்றும் அவர் கண்ணில் பட்டது. நான் பெருமையாக எழுதியிருந்த கடைசிக் கட்டம்: 'கொடுத்த காசு.' சின்னவளுக்குக் கிலோவுக்கு 20 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தோம். கூலிக்கு வருகிறவர்களுக்கு 50. சும்மா வாங்கவில்லை, பிள்ளைக்கும் காசு கொடுக்கிறோம் என்பது எங்கள் எண்ணம். "இது உங்களைக் காப்பாத்தாது. இதுதான் அவளைக் கூலியாள் ஆக்குது. அதுவும் பாதிக் கூலிக்கும் கீழ" என்றார். வீட்டுக்கு வந்து அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டோம், எழுதுவதை மட்டுமில்லை, கொடுப்பதையும். கிலோ கணக்கில் காசு கிடைக்கும்போது அவள் விடுகிற பஸ்ஸுக்கு நாங்களே பரிசு கொடுத்த மாதிரி இருந்திருக்கிறது. இப்போது போஸ்ட் ஆபீசில் அவள் பேரில் கணக்கு, சீசன் முடிந்ததும் ஒரு தொகை. பூப் பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது உண்டு.

சரி, அந்த 4 கிலோவை யார் பறிப்பது? காசுக் கணக்கு எளிது. கூலி கிலோ 50 என்றால் நாளைக்கு 200 ரூபாய். பூ 250-க்குப் போகிற நாளில் அந்த 4 கிலோவுக்கு ஆயிரம் வரும், கமிஷன் பத்து சதவீதம் போனாலும் கூலி கட்டுப்படியாகும். கொடுக்கக் காசு இருந்தது, பறிக்க ஆள் இல்லை. ஐந்து மணிக்கு யாரைக் கூப்பிட்டாலும் அவரவர் தோட்டத்தில் நிற்கிறார்கள்.

வழி கிடைத்தது ஆலையிடமிருந்துதான், அதுவும் பேச்சுவாக்கில். மல்லி மொக்காக இருக்கும்போது அதில் மணம் எடுக்க முடியாது. ஆலைக்குப் போன பூவைப் பரப்பி வைத்து, சாயங்காலம் விரிந்த பிறகுதான் தொட்டியில் ஏற்றுகிறார்கள். அப்படியானால் ஆலைக்குப் போகிற பூ ஏழரை வண்டியைப் பிடிக்க வேண்டிய அவசியம் என்ன? இத்தனை வருசம் ஒருவரும் கேட்கவில்லை. கடைக்கும் ஆலைக்கும் ஒரே அவசரத்தில் பறித்துக்கொண்டிருந்தோம். 11 மணிக்குள் வந்தால் போதும் என்றார்கள். அன்றையிலிருந்து ஆலைக்கு ஒதுக்கிய பாத்திகளை எட்டு மணிக்கு மேல் பறிக்கிறோம். மற்ற தோட்டங்களில் விடியப் பறித்து முடித்த இரண்டு பெண்கள் அப்படியே இங்கே வந்துவிடுகிறார்கள். அவர்களுக்கும் ஒரு கூலிக்கு இரண்டு கூலி. வெயில் ஏற ஏற மொக்குத் துவளும், ஈரச் சாக்குப் போட்டு மூட வேண்டும், எடையும் கொஞ்சம் குறைகிறது. இருக்கட்டும்.

மருந்தடித்த பாத்தியில் கட்டைக் குச்சி நட்டு சிவப்புத் துணி கட்டுகிறோம். துணி இருக்கிற நாளில் அங்கே யாரும் பறிப்பதில்லை, கூலியாட்களும்தான். பெரியவன் மருந்து ரூமுக்குள் போவதில்லை. சாவி என் முந்தானையில். சனி, ஞாயிறு எட்டு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் பறிக்கிறான், எழுதுகிறான். 'மல்லி பறிப்பு, 8.20 – 10.15, நடுவில் தோசை' என்று எழுதுகிறவன் அவன். சட்டம் கேட்கிற ஓய்வு நேரம் எங்கள் வீட்டில் தோசைதான்.

இப்போது அந்த இன்னொருத்தி கதை. எங்கள் குழுவிலேயே என்னைவிட உண்மையாக எழுதியவள் அவள்தான். அவளுடைய மகனுக்கு 11 வயது. இரண்டாவது மாதம் வெளியூரிலிருந்து தணிக்கைக்கு வந்த அதிகாரி, எங்கள் தம்பிக்கு மேலே உள்ளவர், எல்லா நோட்டையும் புரட்டினார். 'இல்லை' என்று எழுதியவர்களெல்லாம் தேறினார்கள். அவள் நோட்டைப் பார்த்துவிட்டு, அந்தச் சீசன் முழுக்க அவள் பூவை எடுக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கூடவே பையனை வயலில் நிற்கவைத்து போனில் படமும் எடுத்தார். விலை விழுந்த சித்திரையில் அவள் கூடைகூடையாகக் குப்பையில் கொட்டினாள். மறுநாளே குழுவில் பாதி நோட்டுகள் அடுப்புக்குள் போயின. எனக்கும் கிழிக்கத் தோன்றியது.

நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஆலைக்குக் கடிதம் எழுதினோம். உண்மையைச் சொன்னவளை நிறுத்தி, பொய் சொன்னவர்களிடம் வாங்கினால் அடுத்த வருசம் உங்களுக்குக் கிடைப்பது எல்லாம் பொய்யாகத்தான் இருக்கும் என்று எழுதினோம். தம்பிதான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒன்றரை மாதம் இழுத்து, ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தார்கள்: நோட்டின் மூலம் தெரியவந்தால் சரிசெய்ய மூன்று மாதம் தவணை, அதுவரை பூ வாங்குவது நிற்காது. அவளுக்கு அந்தச் சீசன் போனது போனதுதான். இப்போது அவள் ஆலைக்குப் பூப் போடுவதில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் என்னிடம் பேசுவாள், நோட்டைப் பற்றி மட்டும் பேச மாட்டாள்.

அதனால் யாராவது நோட்டுப் போடச் சொன்னால், பேனாவை எடுப்பதற்கு முன்னால் இதில் உண்மை தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை சொன்ன தம்பிகள் நல்லவர்களாகவே இருக்கலாம், முடிவெடுப்பது அவர்கள் இல்லை. வயசுக்கு ஆதாரம் கேட்டால் பிறப்புச் சான்றிதழைக் காட்டுங்கள், பார்த்ததாக நோட்டில் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளையின் ஆதார் நகலைக் கட்டுக்கட்டாக யாரிடமும் கொடுத்துவைக்க வேண்டியதில்லை. படம் எடுக்க முடியாது என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. எங்கள் ஒப்பந்தத்தில் இப்போது அதையும் சேர்த்திருக்கிறோம்.

நோட்டில் தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு அடித்துப் பக்கத்தில் சரியானதை எழுதச் சொல்லுங்கள். வெள்ளை மை பூசிய பக்கத்தை ஒருவனும் நம்ப மாட்டான். வேலை இல்லாத நாளையும் 'இல்லை' என்று எழுத வேண்டும், காலியாக விட்டால் எழுத மறந்ததா, வேலையே இல்லையா என்று தெரியாது. பள்ளி வருகைக் கணக்கை மாசம் ஒரு தடவை டீச்சரிடம் கேட்டு நோட்டின் பின்பக்கம் குறித்துவையுங்கள். சொல்லாமல் 30 நாள் தொடர்ந்து வராத பிள்ளையைப் பற்றித் தலைமையாசிரியர் மேலே தகவல் கொடுக்க வேண்டும் என்றே விதி இருக்கிறது. என்னைக் கேட்டால் முப்பது நாள் விடுகிற பிள்ளையைவிட, தினம் வந்து தூங்குகிற பிள்ளைதான் எங்கள் ஊரில் அதிகம். அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

வீட்டு வேலையையும் எழுதுங்கள், அதுவும் பெண் பிள்ளை இருந்தால். சின்னவள் தோட்டத்துக்குப் போவது நின்றதும், அவளுடைய அந்த நேரம் அப்படியே அடுப்படிக்கு மாறியது. நாங்கள் தோட்டத்தில் இருக்க, அவள் வீட்டில் உலை வைத்தாள். ஆலை நோட்டில் அது வராது, அவர்களுக்கு அது பூ இல்லை. நான் தனியாக ஒரு கட்டம் போட்ட பிறகுதான் தெரிந்தது, 15 மணி நேரத்தில் 6 மணி நேரம் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. இப்போது உலையைப் பெரியவன் வைக்கிறான். சோறு குழைந்துதான் இருக்கும். மாமியார் மட்டும் இன்னும் முணுமுணுக்கிறார்: "பூ வீட்டுப் பொண்ணு பூப் பறிக்காம கலெக்டராகவா போறா?" அவர் ஆறு வயதிலிருந்து பறிக்கிறவர். அவருக்கு எந்த நோட்டும் இருந்ததில்லை. ஒரு நாள் சின்னவள் விளையாட்டாக அவர் பறித்த நேரத்தையும் எழுதினாள். கிழவி அதை வாசிக்கச் சொல்லி இரண்டு தடவை கேட்டார்.

சின்னவளுக்கு நோட்டுப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் 100 கிராம் மல்லியைத் தட்டில் கொட்டி எண்ணிப் பார்த்து 412 மொக்கு என்று எழுதிவைத்தாள். அப்படியானால் ஒரு கிலோ பறிக்க நாலாயிரம் தடவைக்கு மேல் விரலை மடக்க வேண்டும். கமிஷன் கடையில் தராசு தட்டும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த எண் ஞாபகம் வருகிறது.

இது வரைக்கும் எழுதிவிட்டு இந்த மார்கழி மாசத்தை மறைத்தால் அது ஆலைக்குப் போட்ட முதல் கையெழுத்து மாதிரி ஆகிவிடும். பனிக்காலத்தில் பூவே இருக்காது, இருக்கிறதுக்கு விலை ஏறும். போகிக்கு முந்தின நாள் கிலோ 2,800. தோட்டம் முழுக்கத் தேடினால் ஒரு கிலோ தேறும். மாமியாருக்கு முட்டி வீக்கம், வீட்டுக்காரர் வண்டிக்குப் போய்விட்டார், கூலிக்கு ஆள் வரவில்லை. நானே ஆறு மணிக்கு அவளை எழுப்பினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தாள். அந்த நெத்தி லைட்டைத் தேடினோம், கிடைக்கவில்லை. போன் வெளிச்சத்தில் பறித்தோம். திரும்பி வந்து அவள் முகம் கழுவுவதற்கு முன்னால் ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள்.

'6.20 – 7.05. 350 கிராம். சொன்னது: அம்மா.'

அடுத்த வாரம் தம்பி வருகிறார். அந்தப் பக்கம் நோட்டில் அப்படியேதான் இருக்கிறது.